அம்புலியைச் சுட்டிய விரல்

போர் ஓய்ந்துவிட்டது. புதிய மன்னர்கள் திறை தந்து பணிந்தனர்; வேந்தனின் பகையும் தணிந்தது. பாசறைப் பணி முடிந்த தலைவன் தேரேறித் தன் இல்லம் நோக்கித் திரும்புகிறான். கார்மழை பெய்த செந்நிலத்தில் தம்பலப்பூச்சிகள் ஊர்கின்றன. நிலமே தீட்டி வைத்த ஓவியம்போல் தோன்றுகிறது. கன்றை நினைந்து குரலெழுப்பும் ஆக்கள் கழுத்துமணி ஒலிக்க மன்றத்துள் புகுகின்றன. தேரை விரைந்து செலுத்துக என்று பாகனை வேண்டுகிறான் தலைவன். ஏன் இத்துணை விரைவு? அவன் மனக்கண்ணில் ஒரு காட்சி நிற்கிறது. அவன் மனைவி வானத்து இளநிலவை நோக்கி விரலால் அழைக்கிறாள். பொற்றாலி அணிந்த என் மகனிடம் வந்தாயானால் உனக்கும் பால் தருவேன் என்று அந்நிலவுக்கு ஆசை காட்டுகிறாள்.

அகநானூற்றின் 54-ஆம் பாட்டு இது. பாடியவர் மாற்றூர் கிழார் மகனார் கொற்றங்கொற்றனார். குழந்தைகளுக்குரிய பாட்டுகளைப் பற்றி எழுதப் புகுந்த நாம் அகப்பாட்டில் தொடங்குவது முறையோ என்று புலவர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். இது குழந்தைக்காகப் பாடப்பட்டதன்று; உண்மை. திணை முல்லை, பேசுபவன் தலைவன், கேட்பவன் பாகன். ஆயினும் பாட்டு முடியுமிடத்தில் நம் கண்முன் நிற்பவர்கள் ஒரு தாயும், அவள் சேயும், அவ்விருவரும் நோக்கும் நிலவுமே அன்றோ? அரசுப் பணி முடித்து வீடு திரும்பும் ஒருவன் முதலில் காண விழைவது இக்காட்சியைத்தான் என்பது, மாலையில் பேருந்துக் கூட்டத்தில் நின்றபடி வீடு திரும்பும் நம்மைப் போன்றோர்க்கு எளிதில் விளங்கும்.

இப்பாட்டில் புலவர் ஒன்றைத் துணிந்து சொல்லியிருக்கிறார். அத்தாய் தன் புதல்வனிடம் பொய் பேசுகிறாள் என்றே அவர் முடிக்கிறார். நிலவு வரப்போவதில்லை, அதற்கு யாரும் பால் ஊட்டப்போவதுமில்லை. ஆனால் அப்பொய்யால் குழந்தை ஏமாந்தது என்று பாட்டில் இல்லை. நிலவு வராததற்காகக் குழந்தை அழுதது என்றும் இல்லை. வருமா என்னும் வினா அங்கே பெரிதன்று. இருவரும் ஒரே பொருளை ஒரே வேளையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே பெரிது. குழந்தையின் அழுகை எப்போதும் அதன் உள்ளே சுழல்வது. பசி, தூக்கம், பொம்மை உடைந்த துயரம், ஏனென்று அதற்கே தெரியாத ஒரு கலக்கம். தாயின் விரல் அதன் பார்வையை வெளியே கொண்டு செல்கிறது. அங்கே ஒரு பொருள் அமைதியாக இருக்கிறது. குழந்தையை அது எதுவும் கேட்கவில்லை. குழந்தையிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவுமில்லை. இவ்வமைதி குழந்தையையும் பற்றிக்கொள்கிறது.

இயற்கையைக் காட்டிக் குழந்தையின் மனத்தை ஆற்றும் இம்முறை தமிழில் எவ்வளவு பழையது என்பதற்கு இப்பாட்டு சான்று. இம்மரபு பின்னர் எவ்வாறு வளர்ந்தது, எங்கே தடம் மாறியது, ஊரை விட்டு வந்து வாழும் நம் வீடுகளில் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. இதற்கு ஓர் அளவுகோலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு குழந்தைப் பாட்டு முடிந்தபின் குழந்தையின் கண் எங்கே போகிறது? பாடப்பட்ட பொருளின்மேல் போகிறதா, பாடச் சொன்ன பெரியவரின் முகத்தின்மேல் போகிறதா? முன்னது நல்ல பாட்டு. பின்னது பயிற்சி.

பெரியாழ்வாரை இவ்வளவுகோலால் அளக்கலாம். அவருடைய திருமொழியில் அசோதை நிலவை அழைக்கும் பாசுரங்களைப் பத்தியுணர்வோடு படிப்போர் பலர். அவற்றை ஒரு தாயின் குறிப்பேடாகவும் படிக்கலாம் என்பது நம் கருத்து. புழுதியில் தவழ்ந்து வரும் பிள்ளை, அசையும் சுட்டி, ஒலிக்கும் சதங்கை. பிறகு அவன் இடுப்பில் ஏறிக்கொள்கிறான். கண்ணை அகல விரித்து நிலவைக் காட்டுகிறான். நெடுநேரம் கையை நீட்டியிருக்கிறானே, அந்தக் கை நோகாதபடி விரைந்து வா என்கிறாள் தாய். அடுத்து மழலையால் கூப்பிடுகிறான். அவன் கூப்பிட்டும் வராத உனக்குக் காது தூர்ந்துவிட்டதோ என்று நிலவை வைகிறாள். அப்புறம் பிள்ளைக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது; இப்போது உறங்காவிட்டால் உண்ட பால் செரிக்காதே என்று கவலைப்படுகிறாள். ஆலிலையில் துயின்றவன், மாவலியிடம் சென்றவன் என்னும் பெருமைகளும் வருகின்றன; ஆழியை ஏவுவான் என்னும் அச்சுறுத்தலும் உண்டு. எனினும் நீட்டிய கையின் வலியையும் கொட்டாவியையும் பெரியாழ்வார் விடவில்லை. ஓடித் திரிந்த பிள்ளை சிறிது சிறிதாக அடங்கி உறக்கத்தை நெருங்குவதைப் பாசுரங்களின் வரிசையிலேயே காண்கிறோம். நிலவு அங்கே கருவியாகவும் இருக்கிறது, நிலவாகவும் இருக்கிறது.

பின்னர்த் தோன்றிய பிள்ளைத்தமிழ் நூல்களில் அம்புலி தனிப் பருவமாயிற்று. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை என்று வரும் வரிசையில் ஏழாவது அம்புலி. சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் நிலவை விளையாட அழைக்க வேண்டும் என்பது முறை. நீயும் எங்கள் தலைவனும் ஒப்பானவர்கள் என்று சிலேடையால் புகழ்வர். நீ களங்கமுடையவன், தேய்பவன் என்று வேற்றுமை காட்டுவர். வந்தால் இன்னது பெறுவாய் என்பர். வாராவிடில் இன்னது நேரும் என்பர். பிள்ளைக்கவி பாடுவார்க்கு அம்புலி புலி என்னும் வழக்கே இப்பருவத்தின் அருமையைக் காட்டும். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் போன்ற நூல்களில் இப்பருவம் சொல்லாட்சியின் உச்சம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நம் அளவுகோலை அருகே வைத்துப் பார்த்தால் ஒரு குறை புலப்படுகிறது. அங்கே வழக்குரைஞர் ஒருவர் நிலவின்மீது வாதாடுகிறார், குழந்தை எங்கே? தாயின் இடுப்பில் இருந்த எடை இல்லை. நீட்டிய கை இல்லை. குழந்தை தெய்வமாகி உயர்ந்துவிட்டது. நிலவு எதிர்க்கட்சியாகித் தாழ்ந்துவிட்டது. புலவரின் திறனை வியந்துகொண்டு நாம் ஏட்டையே பார்க்கிறோம், வானத்தைப் பார்ப்பதில்லை. இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்நூல்களின் நோக்கம் வேறு. எனினும் தடம் மாறியது இங்கேதான்.

தாய்மார்கள் அத்தடத்தில் செல்லவில்லை என்பது நம் நல்வினை. நிலவை ஓடிவரச் சொல்லி மலைமேலிருந்து மலர் கொண்டுவரப் பணிக்கும் நாட்டுப்பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை, அணியிலக்கணமும் இல்லை. முற்றத்தில் நிலாச்சோறு உருட்டிய கைகள் அதனைக் காப்பாற்றின. காக்கைக்கு ஒரு வாய், குருவிக்கு ஒரு வாய் என்று பிரித்துப் பிரித்து ஊட்டிய அந்தச் சோற்றில், உண்ணுதலும் பார்த்தலும் ஒன்றாகவே நிகழ்ந்தன.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். பாரதியாரின் பாப்பாப் பாட்டைப் பற்றிக் குறை சொல்ல நாக்கூசுகிறது. தமிழ்க் குழந்தையை இறைவனாகவோ இளவரசனாகவோ கருதாமல் குழந்தையாகவே விளித்துப் பாடிய துணிவு அவருடையது. அதன் தொடக்கம் உயிரோட்டமுடையது. வண்ணப் பறவைகளைக் கண்டு மகிழச் சொல்கிறார். கோழியைக் கூட்டிக்கொண்டு விளையாடச் சொல்கிறார். திருடும் காக்கைக்கும் இரங்கச் சொல்கிறார். அடுத்து வரும் பசு பால் பொழிகிறது, குதிரை வண்டி இழுக்கிறது, மாடு உழுகிறது. உயிர்கள் ஒவ்வொன்றாகப் பணியில் அமர்த்தப்படுகின்றன. பிறகு காலையில் படிப்பு, மாலையில் விளையாட்டு என்னும் ஒழுங்கு. பொய் சொல்லாமை, புறங்கூறாமை. இறுதியில் நாடும் குலமும். அடிமைப்பட்ட நாட்டில் ஒரு தலைமுறையை எழுப்ப வேண்டிய கவிஞருக்கு நின்று நிலவு பார்க்க நேரமில்லை. அது அவர் காலத்தின் கட்டாயம். அவரைப் பின்பற்றியவர்களுக்கு அக்கட்டாயம் இல்லாதபோதும் அறிவுரையை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டார்கள். எறும்பைப் பாடினால் சுறுசுறுப்பு, தேனீயைப் பாடினால் உழைப்பு, காக்கையைப் பாடினால் ஒற்றுமை. எறும்பு ஒன்று வழி தவறிச் சுற்றிச் சுற்றி வருவதையோ, ஓர் அரிசியை இரண்டு எறும்புகள் எதிரெதிர்ப் பக்கமாக இழுப்பதையோ குழந்தை பார்த்திருக்கும்; பாட்டெழுதியவர் பார்க்கவில்லை.

இங்கேதான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) தனித்து நிற்கிறார். பசுவையும் கன்றையும் பற்றி அவர் பாடிய சிறு பாட்டை அறியாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. எத்தனையோ ஆண்டுகளாக எல்லாரும் பாடி வருவதாலேயே அதன் நுட்பத்தை நாம் கவனியாமல் விட்டுவிட்டோம். தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பசு மேய்கிறது; அருகே கன்று துள்ளுகிறது. ஓர் அடி பசுவுக்கு, அடுத்த அடி கன்றுக்கு என்று பாட்டு மாறி மாறிச் செல்கிறது. தோட்டத்து வேலியருகே நிற்கும் குழந்தையின் தலை இப்படித்தான் அங்கும் இங்கும் திரும்பும். பசு அழைக்கிறது, கன்று ஓடி வருகிறது. பசு நாவால் தடவுகிறது, கன்று பால் குடிக்கிறது. மடியை முட்டிக் குடிக்கும் கன்றோடு பாட்டு நின்றுவிடுகிறது. பசுவைப் போல் பயனுடையவனாக இரு என்று சொல்ல ஓரடி போதும். கவிமணி அதைச் சொல்லவில்லை. ஆசிரியராக வாழ்ந்த ஒருவர் இதனைச் சொல்லாமல் விட்டது பெரிய தவம் என்றே கருதுகிறோம்.

மற்றொன்றும் உண்டு. நம் பள்ளிப் பாடங்களில் பசு என்றவுடன் அது நமக்குப் பால் தரும் என்று தொடங்குவோம். கவிமணியின் பாட்டில் பால் நமக்கன்று, கன்றுக்கு. மனிதன் அக்காட்சிக்குள் இல்லவே இல்லை. வேலிக்கு இப்பால் நின்று பார்க்கிறான், அவ்வளவே. தனக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு மகிழ்ச்சியைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. முட்டிக் குடிக்கும் கன்றையும், தடவும் நாவையும் காணும்போது தன் தாயின் மடி அதற்கு நினைவுக்கு வருமோ வராதோ, நாம் அறியோம். ஆனால் இப்பாட்டைப் பாடும் குழந்தைகள் கடைசி அடியில் குரலைத் தாழ்த்துவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அகப்பாட்டில் மணியொலிக்க மன்றம் புகுந்த ஆக்களின் வழித்தோன்றலே இந்த வெள்ளைப் பசு எனலாம்.

அழ. வள்ளியப்பா (1922–1989) குழந்தைகளுக்கு ஓசையின்பத்தை அள்ளிக் கொடுத்தவர். வங்கிப் பணிக்கிடையே அவர் இவ்வளவு பாடியது நம்மைப் போன்ற அலுவலகத்தாருக்கு வியப்பையும் சிறிது வெட்கத்தையும் தருவது. அவர் பாட்டுகள் கைதட்டவும் ஆடவும் ஏற்றவை. கிளர்ச்சி தருவதில் அவருக்கு நிகரில்லை. அடங்கச் செய்வதில் கவிமணியே நமக்கு ஆசான்.

இனி நம் காலத்திற்கும், நாம் வாழும் தில்லிக்கும் வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் குழந்தைகளுக்கான பாட்டு ஒப்பித்தல் போட்டி நடந்தது. மண்டபத்துக்குச் சாளரங்கள் குறைவு, இருந்தவற்றுக்கும் திரை. நிலவை அழைக்கும் பாட்டைக் குழந்தைகள் பலர் பாடினர். நிலவு என்னும் சொல் வந்ததும் எல்லாருடைய வலக்கையும் உயர்ந்தது. எல்லாருடைய விரலும் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைச் சுட்டியது. அப்படித்தான் பழக்கியிருந்தோம். நாமும் பழக்கியவர்தாம், அன்று ஐந்து வயதான நம் மகளும் மேடையேறினாள். இரண்டு அடி பாடினாள், மூன்றாவது வரவில்லை. நம் முகத்தைப் பார்த்தாள். நாமோ வாயசைத்துக் காட்டினோம்; அது அவளை மேலும் குழப்பியது. அழுதுகொண்டே இறங்கினாள்.

வீடு வந்தும் அழுகை நிற்கவில்லை. இனிப்பு கொடுத்தோம், கைப்பேசியில் படம் காட்டினோம். படம் ஓடும்வரை வாய் மூடியிருந்தாள். நின்றதும் முன்னிலும் உரக்க அழுதாள். அப்போது ஊரிலிருந்து நம் அன்னையார் வந்திருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பின்புறத் திண்ணைக்குச் சென்றார். நிலவைக் காட்டினாரோ என்றால் அன்று நிலவே இல்லை. வேப்பமரத்துக் கிளையில் கூடு போன்ற ஒரு திரளைக் காட்டி, அணில் உறங்குகிறது, பேசாதே என்று மட்டும் சொன்னார். அணில் அதற்குள் இருந்ததா என்பது அவருக்கும் தெரியாது. இருவரும் அந்த இருளைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தனர். அகப்பாட்டின் பொய் அன்று நம் வீட்டுத் திண்ணையில் பேசப்பட்டது.

மறுநாள் காலை அணில் வந்தது. இராமபிரான் சேது கட்டிய நாளில் முதுகில் மூன்று விரலால் தடவிக் கொடுத்த கதையை அன்னையார் சொன்னார். சிறுமி அணிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மதில்மேல் ஓடி நிற்கும்; வாலைச் சொடுக்கும்; மீண்டும் ஓடும். நான்கைந்து முறை அது வந்து போனபின், "பாட்டி, மூணு இல்லை, அஞ்சு" என்றாள். நாம் நம்பவில்லை. எழுந்து சென்று பார்த்தோம். ஐந்துதான். தென்னாட்டு அணிலுக்கு வரி மூன்று. வடநாட்டில் பெரிதும் காணப்படும் அணில் இனத்துக்கு வரி ஐந்து என்பதும், இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பதும் பின்னர் நூலைப் பார்த்து நாம் அறிந்தது. தில்லிக்கு வந்து பதினைந்து ஆண்டுகளாகியும் நம் கண்ணில் படாத இரண்டு வரிகள் ஒரு குழந்தையின் கண்ணில் பட்டன. அன்னையார் கலங்கவில்லை. "இந்த ஊரில் கை முழுசும் வைத்துத் தடவிவிட்டார் போலிருக்கிறது" என்றார். முதல் நாள் மேடையில் அழுதவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இதனை இங்கே எழுதுவது நம் வீட்டுப் பெருமைக்காக அன்று. ஒப்பிக்கும்போது குழந்தை நம் முகத்தைப் பார்த்தது. பார்க்கும்போது அணிலைப் பார்த்தது. முன்னதில் தவறு நேர இடமுண்டு. பின்னதில் தவறென்பதே இல்லை. எண்ணிக்கை மாறினாலும் அது கண்டுபிடிப்பாகவே முடிகிறது. குழந்தை அமைதியுறுவதற்கு இதுவே காரணம் என நினைக்கிறோம். அணில் மதிப்பெண் போடுவதில்லை. திருமாலையில் தொண்டரடிப்பொடியாழ்வார் பாடிய அணில்களும் இங்கே நினைவுக்கு வருகின்றன. அவை நீரில் குளித்து, மணலில் புரண்டு, ஓடிச் சென்று கடலடைக்கப் பார்க்கின்றன. குளித்தல், புரளுதல், ஓடுதல் என்னும் அந்த மூன்று அசைவுகளும் அணிலை நேரில் பார்த்தவரால்தான் சொல்ல முடியும்.

கல்வியாளர் சிலர் இதனை வேறு வழியில் கண்டனர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்தார்; போர்க்காலத்தில் கோடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அவருடைய முறையில் மௌன விளையாட்டு என்று ஒன்று உண்டு. நான்கு மாதக் குழந்தை ஒன்று தாயின் கையில் அசையாமல் கிடந்ததை வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டி, இதைப்போல் இருக்க முடியுமா என்று அவர் கேட்டதிலிருந்து அது பிறந்ததாம். பிள்ளைகள் அடங்கினர், அதுவரை கேளாத கடிகார ஒலியும் வெளியே குருவியின் குரலும் கேட்டன. அடக்கப்படாமல் அடங்கிய மௌனம் அது. நம் தாய்மார்கள் இதற்குப் பெயர் வைக்கவில்லை என்பதே வேற்றுமை.

நற்றிணையின் 172-ஆம் பாட்டு இவற்றினும் ஒரு படி மேலே செல்கிறது. சிறுமியர் விளையாடும்போது வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. அதை நெய்யும் பாலும் வார்த்து வளர்க்கிறார்கள். உங்களைவிட இது சிறந்தது, இவள் உங்கள் தங்கை என்கிறாள் அன்னை. அவர்களுள் ஒருத்தி வளர்ந்து கன்னியானபின், அந்தத் தங்கையின் முன்னிலையில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். தாய் விளையாட்டாகச் சொன்ன சொல் எத்தனை ஆண்டு நின்றிருக்கிறது பாருங்கள்! மரத்தின் பயனைச் சொல்லியிருந்தால் மறந்திருப்பாள். உறவைச் சொன்னாள், நின்றது. இதுவும் அகப்பாட்டே, இதிலும் தாய் சொன்னது உண்மையன்று.

உரைநடையில் இத்தகைய பார்வையைத் தேடுவோர்க்கு மா. கிருஷ்ணன் (1912–1996) கிடைப்பார். அ. மாதவையாவின் மகனாகிய அவர் ஆங்கில நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றி எழுதி வந்தது பலர் அறிந்தது. தமிழில் அவர் எழுதியவற்றைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் தொகுப்பாகத் தந்துள்ளார். பறவை எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதும் அந்நடையைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டலாம். சிறிது சுருக்கிச் சொன்னால் போதும்.

ஊரில் இருந்தால் இவையெல்லாம் கைகூடும், இந்தத் தில்லியில் எங்கே போவது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். இது பாதி உண்மை. 2018-இல் சரோஜினி நகர் முதலிய அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட முற்பட்டபோது மக்கள் தெருவில் நின்று தடுத்ததையும் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததையும் நாம் மறக்கவில்லை. மரங்கள் குறைகின்றன, புகைமூட்டம் வந்தால் நிலவே மங்குகிறது. ஆனால் மறுபாதியும் உண்மையே. மே மாதத்தில் இவ்வூர்ச் சாலைகளில் பொன்னாகத் தொங்கும் 'அமல்தாஸ்' நம் கொன்றை. மாசியில் இலையுதிர்த்துச் செம்மலர் சுமந்து நிற்கும் 'சேமல்' நம் முள்ளிலவு. பெருஞ்சாலை ஓரங்களில் மழை தொடங்கியதும் தரையை ஊதாவாக்கும் 'ஜாமுன்', ஔவையார் கதையில் சுட்ட பழமாய் உதிர்ந்த நம் நாவல். அகப்பாட்டின் தம்பலப்பூச்சியை வடநாட்டார் 'பீர் பகூட்டி' என்கின்றனர். பாரதியார் பாடிய சிட்டுக்குருவியைத் தில்லி அரசு 2012-இல் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. கொன்றை காரில் பூப்பது என்பது சங்கநூல் வழக்கு. கார்ப்பருவம் வருமுன்னரே பூத்த கொன்றையைத் தோழி பேதை மரம் என்று இகழ்வதாகக் குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. தில்லிக் கொன்றையோ கோடையிலேயே பூத்துவிடுகிறது. அத்தோழி இங்கே வந்தால் ஒரு மரத்தையும் விடாமல் இகழ வேண்டியிருக்கும்.

குறை மரத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. நம் பிள்ளைகள் இவற்றைப் பார்க்காமல் இல்லை. பார்க்கும்போது அவர்கள் வாயில் வரும் சொல் 'கில்ஹரி', 'தோத்தா', 'பேட்'. தமிழ்ச் சொல் வருவது மேடையில் மட்டும், பரபரப்போடு, பரிசுக்காக. அதனால் தமிழ் என்றாலே தவறு செய்துவிடுவோமோ என்னும் அச்சத்தின் மொழியாக அது அவர்களுக்கு ஆகிவருகிறது. இந்திமேல் நமக்குப் பகை இல்லை. அது அவர்களுடைய விளையாட்டுத் தோழர்களின் மொழி. ஆனால் மனம் கலங்கிய வேளையில் ஒரு கிளையைக் காட்டி, மெல்லிய குரலில், பேசாதே, பார் என்று சொல்லும் மொழி எதுவாக இருந்ததோ அதுவே பிற்காலத்தில் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியாக இருக்கும் என்று நாம் நம்புகிறோம். அன்னையார் அன்று திண்ணையில் சொன்னவை ஆறேழு சொற்கள்தாம். மகள் அவற்றை இன்னும் அதே தொனியில் தன் தம்பியிடம் சொல்கிறாள்.

போட்டிகளை நிறுத்திவிட வேண்டும் என்பது நம் கட்சியன்று. நிலவுப் பாட்டை நிலவு இருக்கும் இரவில், மண்டபத்துக்கு வெளியே, மதிப்பெண் இன்றி ஒருமுறை பாட வைக்கலாமே என்பதே வேண்டுகோள். அமைப்பாளர் ஒருவரிடம் சொன்னோம். ஒலிபெருக்கிக்கு வெளியே மின்னிணைப்பு இல்லை என்றார்.

அன்னையார் ஊர் திரும்பிவிட்டார். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அணில் வந்ததா என்று கேட்கிறார். சென்ற மாதம் மகள் நம்மிடம் ஒரு வினா எழுப்பினாள். மூன்று வரி அணிலைப் பற்றித் தமிழில் பாட்டும் கதையும் இருக்கின்றனவே, ஐந்து வரி அணிலுக்கு ஒன்றும் இல்லையா என்றாள். இரண்டு நூலகங்களில் தேடிவிட்டோம், இதுவரை கிடைக்கவில்லை.